நீலக் கோடு

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தால் காது அடைத்துப்போகும். தாயிடமிருந்து அப்போதுதான் பிரித்துக் கொண்டுவந்த பன்றிக்குட்டிகள். பால் மறக்கடித்த புதிதில் ஒன்றுகூடச் சும்மா இருக்காது. கம்பித் தடுப்பில் மூக்கை இடித்து இடித்துக் கத்தும். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். பாழாய்ப்போன குளிரில் கால்விரல் மரத்துப்போகும். இதிலேதான் எங்கள் பிழைப்பு.

நான் ஒரு குட்டியைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொள்வேன். என் அண்ணி அதன் காதுக்குப் பின்னால் கழுத்தில் ஊசியைப் போடுவாள். போட்ட கையோடு நீலச் சாயக்கட்டியால் முதுகில் ஒரு கோடு இழுப்பாள். கோடு விழுந்த குட்டியை அப்படியே விட்டுவிட்டு நகர முடியாது. நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, சுருண்டு விழுகிறதா என்று ஓர் ஆள் நின்று பார்க்க வேண்டும். அது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிற மருந்தாம். புதுசு, இன்னும் சோதனையில் இருக்கிறது. பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளை முதலாளி தன் கையாலேயே உரித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். பிசுபிசுவென்று இருக்கும், விடியற்காலைக் குளிரில் ஊசிக்குள் ஏறாது. அண்ணி பாட்டிலை இடுப்பில் செருகி, உடம்புச் சூட்டில் இளக்கித்தான் எடுப்பாள். பொய் சொல்லக் கூடாது, நல்ல மருந்துதான். ஊசி போட்ட அன்று குட்டிகள் காய்ச்சலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பிறகு எழுந்து தீனித் தொட்டியை நக்கித் தீர்த்துவிடும். பால் மறந்ததும் வாரிக்கொண்டு போகிற கழிச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிகளை வாங்கிக் குவித்தார். ஆளை மட்டும் கூட்டவில்லை. ஒரு குட்டிக்கு எதற்கு இரண்டு ஆள், முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவரவரே ஊசி போடுங்கள் என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் கொட்டகை கழுவப் போனோம். துள்ளுகிற குட்டியை ஒரு கையால் அமுக்கி மறுகையால் குத்திப் பார்த்திருந்தால் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும்.

இன்று காலை அண்ணியின் முழங்காலிலிருந்து ஒரு குட்டி திமிறியது. ஊசி அவளுடைய இடதுகைச் சுட்டுவிரலில் இறங்கியது. மருந்தும் இறங்கியது. சேலையில் துடைத்துவிட்டு அடுத்த குட்டியைப் பிடித்தாள், அவள் சுபாவம் அப்படி. கொஞ்ச நேரத்தில் விரல் வெளுத்து வீங்கி, தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றாள். சுடுதண்ணீரில் வைத்தால் சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. நான் கத்திய கத்தலில்தான் அண்ணன் வந்து வண்டியில் ஏற்றிப்போனான். அவள் கிளம்பும்போது மேஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? மருந்து வெளியே போகக் கூடாதென்று, இடுப்பில் இருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். எண்ணெய் கலந்த மருந்தாக இருந்தால் விரலைத் திறந்து உடனே கழுவ வேண்டுமாம், தள்ளிப்போட்டால் விரல் தங்காதாம். பிசுபிசுப்பு என்று அண்ணி சொன்னது போதவில்லை. டாக்டருக்கு மருந்தின் பெயர் வேண்டுமாம். ஈரக்காலோடு முதலாளியின் அறை வாசலுக்கு ஓடினேன். என் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் வந்துவிட்டார்கள். கொட்டகையில் ஊசி போடாத குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

முதலாளி நிதானமாகத்தான் பேசினார். பெயர் வெளியே போகக் கூடாது, கம்பெனியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"செலவு கேட்டு வரலை ஐயா. பேரைச் சொல்லுங்க. அண்ணி விரல் போயிரும்."

"லேசா ஊசி பட்டதுக்கு இவ்வளவு கூட்டமாம்மா? போய் வேலையைப் பாருங்க."

"குட்டிக்கு ஊசி போட்டா பக்கத்துலயே நின்னு பாக்கச் சொல்றீங்க. அண்ணியை யாரு நின்னு பாத்தா?"

அவர் முகம் மாறியது. "இத்தனை பேரு ஊசி போடுறீங்க. வேற யாருக்காவது இப்படி ஆச்சா? அவ கவனமில்லாம பண்ணினா அதுக்கு நான் பொறுப்பா?"

குத்துப்பட்டதைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வானொலி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒல்லி மனிதர் இருக்கிறார், தூக்கத்தில்கூடப் பேசுவார் என்று அவர் மனைவியே சொல்லுவாள். அவரும் பேசவில்லை. மடியிலிருந்து நீலச் சாயக்கட்டியை எடுத்தார். முன்பு ஊசி ஏறிய தன் கட்டைவிரலில் ஒரு கோடு இழுத்து, கையைத் தூக்கினார்.

சாயக்கட்டி கை மாறியது. தீனி கலக்கும் அக்கா உள்ளங்கையில் இழுத்தாள். நான், குட்டியைப் பிடித்திருந்தபோது குத்துப்பட்ட மணிக்கட்டில் இழுத்தேன். எனக்குப் பின்னால் இன்னும் கைகள். இத்தனை பேர் மறைத்து வைத்திருந்தோமா என்று எங்களுக்கே திக்கென்றது. கடைசியில் மேஸ்திரி, எப்போதும் கால்சட்டைப் பையில் செருகியே வைத்திருக்கும் வலதுகையை வெளியே எடுத்தார். நடுவிரல் மடங்கவில்லை. அதன்மேல் கோடு போடும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. போட்டு முடித்ததும், மறு பையிலிருந்த அண்ணியின் பாட்டிலை என்னிடம் தந்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"தீனி வைப்போம், தண்ணி வைப்போம். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட மாட்டோம்," என்றார் வானொலி. "ஆனா ஒரு குட்டிக்கு ரெண்டு ஆள் இல்லாம இனிமே யாரும் ஊசியைத் தொட மாட்டோம். மருந்து என்னன்னு தெரியாமலும் தொட மாட்டோம்."

முதலாளி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். என் போன் மறுபடியும் அடித்தது. அண்ணன் இல்லை, டாக்டரே பேசினார். நான் போனைச் சத்தமாக வைத்து முதலாளியின் முன்னால் நீட்டினேன்.

"மருந்து பேர் என்னங்க? நேரமில்லை," என்றது குரல்.

முதலாளி என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். நாங்கள் கையை இறக்கவில்லை.