நீதானே தேர்ந்தெடுத்தே

பஸ் அவர்களை மலையடிவார ஊரான துப்புங்காத்தோவில் இறக்கிவிட்டபோது மணி இரண்டேகால். ஊர் மதியத் தூக்கத்தில் கிடந்தது. மருந்துக்கடை, ரொட்டிக்கடை, தேவாலயத்துக்கு எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடை எல்லாம் இரும்புக் கதவை இறக்கியிருந்தன. இந்த ஊரில் ஐந்து மணிக்கு முன்னால் சாகக்கூட முடியாது, சவப்பெட்டிக்காரன் எழுந்திருக்கமாட்டான். தெருவோர வாய்க்காலில் மலைத்தண்ணீர் மட்டும் விழித்திருந்தது. நெலிதா இதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள். கைப்பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், ஃபிளாஸ்கில் வெந்நீரும், அதில் ஊறவைத்துக் குடிக்க மாத்தே இலையும், எல்லாவற்றுக்கும் மேலே பச்சை அட்டை போட்ட நோட்டும் இருந்தன. நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் ‘மதியம் ஒன்று முதல் ஐந்து வரை ஒன்றும் கிடைக்காது’ என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தாள். அவள் தயாராக இல்லாதது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

மர நிழலில் நின்ற வாடகைக் காரிலிருந்து தொந்தியும் தொப்பியுமாக ஓர் ஓட்டுநர் இறங்கி வந்தான். நேராக அவள் கணவன் ஏவரிஸ்தோவின் கன்னத்தில் முத்தமிட்டு முதுகில் ஓங்கித் தட்டினான்.

“தோன் ஏவரிஸ்தோ! என்ன இது, பஸ்ஸுல வந்து இறங்குறீங்க? நம்ம நீலக் குதிரை எங்க?”

“பட்டறையில விட்டிருக்கு, செகுந்தோ,” என்றான் ஏவரிஸ்தோ, மலையைப் பார்த்துக்கொண்டு.

“இவங்கதான் வீட்டம்மாவா? மூணு வருஷமாச் சொல்றேன், ஒரு தடவையாவது கூட்டிட்டு வாங்கன்னு. இப்பத்தான் மனசு வந்துச்சாக்கும்!”

செகுந்தோ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும் ஏவரிஸ்தோ அவள் காதருகே குனிந்தான். “இவன் எல்லார்கிட்டயும் இப்படித்தான், கிழவி. ஆள மாத்திப் புரிஞ்சுக்கிட்டான்.”

“பேரையும் சேர்த்தா?”

அவன் காரை நோக்கி வேகமாக நடந்தான். கிழவன், கிழவி என்று அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட ஆரம்பித்தது இருபத்தைந்து வயதில். இப்போதுதான் அது உண்மையாகிக்கொண்டிருந்தது.

நீலக் குதிரை பட்டறையில் இல்லை என்பது நெலிதாவுக்குத் தெரியும். அதை விற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்மா வீட்டைப் பங்கு பிரித்தபோது அவள் பங்கில் வாங்கிய கார் அது. ஞாயிறுதோறும் அதை ஓட்டிக்கொண்டு கன்யாதா தெ கோமெஸில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவாள். ஒருநாள் ஏவரிஸ்தோ கண் டாக்டரிடமிருந்து வந்து, சமையலறை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, இனிமேல் தான் ஓட்டக்கூடாதாம் என்றான். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சுதான் காரை விற்றது. வாசலில் கார் நிற்பதையும் அதன் பக்கத்தில் அவன் கைகட்டி நிற்பதையும் ஒரு மாதம் பார்த்தாள். பிறகு அவளே விற்றுவிடலாம் என்றாள், அவளே கையெழுத்தும் போட்டாள். பணத்தை வங்கியில் போட்டுவைப்பதாக அவன் வாங்கிக்கொண்டான். அதன் பிறகு மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவன் செய்தித்தாளைக்கூடத் தொடவில்லை. தினமும் படுக்கப்போகும் முன் அவன் தலையை மடியில் வைத்துக் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டாள். அக்காவைப் பார்ப்பது மாதம் ஒருமுறை ஆயிற்று, பிறகு தொலைபேசி ஆயிற்று.

ஏவரிஸ்தோ பெராஸ்ஸோ ரொசாரியோவில் ஒரு நோட்டரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர். வியாழக்கிழமைகளில் வேறு அவதாரம். பேட்டைக் கிளப்பின் பின்னறையில், கோலி விளையாடும் கிழவர்களுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ‘பொற்கிண்ணச் சகோதரர் சபை’ என்று பன்னிரண்டு பேர் கூடி வைன் குடிப்பார்கள். குடிப்பது என்று சொன்னால் கோபம் வரும்; ‘வாசிப்பது’ என்று சொல்லவேண்டும். சபைத் தலைவர் ஏவரிஸ்தோ கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி, ஈரக்கல், குதிரைச் சேணம், பாட்டன் அலமாரி என்று ஒவ்வொன்றாக வெளியே எடுப்பான். மந்திரவாதி தொப்பியிலிருந்து முயல் எடுப்பதுபோல இருக்கும், முயலைத்தான் யாரும் பார்த்ததில்லை. அவன் அப்பா குதிரை வண்டியில் வீடுவீடாகச் சிஃபன், அதாவது விசையை அழுத்தினால் பீறும் சோடாப் புட்டி, போட்டவர். ஊரில் முக்கால்வாசிப் பேர் வைனில் சோடா ஊற்றித்தான் குடித்தார்கள், இன்றைக்கும் குடிக்கிறார்கள். ஏவரிஸ்தோ மட்டும் எந்த மேஜையில் சிஃபனைப் பார்த்தாலும் பிணத்தைப் பார்த்தவன்போல முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

முப்பதாவது திருமண நாளுக்கு மெண்டோசா பக்கம் வைன் தோட்டங்களைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னவனும் அவன்தான். “கார் இல்லாட்டி என்ன? நீ ஒரு நல்ல ஊராப் பாரு. அங்க தங்கிக்கிட்டு தினம் ஒரு தோட்டம் போயிட்டு வரலாம். எந்த ஊருன்னு நீயே முடிவு பண்ணு, கிழவி.” நெலிதா நான்கு மாதம் பாடுபட்டாள். பஸ் நிலையங்களுக்குத் தொலைபேசினாள், விடுதிக்காரிகளோடு சிநேகமானாள், நடக்கும் தூரத்தை வரைபடத்தில் நூல்வைத்து அளந்தாள். கார் போன பிறகு அவள் வாழ்க்கையில் வந்த முதல் பெரிய பயணம் இது. காலில்லாதவள் ஆகிவிடவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் மைப்பூ என்று முடிவு செய்தாள். மெண்டோசா நகரத்திலிருந்து டிராம் உண்டு, இறங்கினால் வாடகைச் சைக்கிள் உண்டு, சைக்கிளில் போனால் ஏழு வைன் தோட்டம், இரண்டு ஆலிவ் எண்ணெய் ஆலை.

“பிரமாதம்,” என்றான் ஏவரிஸ்தோ. “ஆனா நம்ம வயசுல சைக்கிள்… நீ சொன்னாச் சரிதான்.” அடுத்த வாரம் சாக்ராஸ். “அழகான ஊரு. பணக்காரங்க ஊரு. உனக்குத்தான் அவங்களக் கண்டா ஆகாது, பரவால்ல.” அதற்கடுத்த வாரம் மெண்டோசா நகரம். “சௌகரியம்தான். ரொசாரியோவுலயே இருந்த மாதிரி இருக்கும்.” அவன் எதையும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொத்தை விற்க வந்த விதவைகளிடம் முப்பத்துநான்கு வருஷம் பேசிப் பழகிய குரல் அது. விரல் வைத்து இடத்தைக் காட்டுவது எழுத்தர், கையெழுத்துப் போடுவது கட்சிக்காரர். கடைசியில் நோட்டில் அடிபடாமல் மிச்சமிருந்த ஊர் துப்புங்காத்தோ மட்டும். தோட்டங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே, பஸ் ஒரு நாளைக்கு நான்கு. “நீதானே தேர்ந்தெடுத்தே!” என்று அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டபோது, தானேதான் தேர்ந்தெடுத்தோம் என்று அவளும் நம்பினாள். கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

விடுதிக்காரி, “வழக்கமான அறைதானே, மலை தெரியுற பக்கம்?” என்றாள். நெலிதா தலையாட்டினாள். கொர்தொபாவில் நோட்டரி எழுத்தர் மாநாடு என்று மூன்று இலையுதிர் காலங்களில் அவன் காரை எடுத்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. ஒரு பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்யப் பார்த்தாள். சுலபமாகத்தான் வந்தது, நல்ல பற்களோடு. அன்று இரவு ஏவரிஸ்தோ கண்ணைத் திறந்து காத்திருந்தபோதும் வழக்கம்போல இரண்டு சொட்டு விட்டாள். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழியவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு செகுந்தோ அவர்களை ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனான். மஞ்சளாகிவிட்ட பாப்லர் மரங்கள், வெள்ளைச் சரளைப் பாதை, கண்ணாடிக் கட்டடம். மிலாக்ரோஸ் என்ற மேலாளப் பெண் ஓடிவந்து, “வாழ்த்துகள், தோன் ஏவரிஸ்தோ! கடைசித் தவணை கட்டினதும் பத்திரம் வந்துருச்சு,” என்று கட்டிக்கொண்டாள். நல்ல பற்கள்தான். ஆனால் அவள் முப்பது பேரை இப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்பது அடுத்த நிமிடமே தெரிந்துபோயிற்று. பாதையின் இரண்டு பக்கமும் பெயர்ப்பலகைகள்: பல் மருத்துவர், ஓய்வுபெற்ற கர்னல், பிரேசில்காரர் ஒருவர். நிறுவனம் மலையடிவாரத்தை வரிசை வரிசையாக வெட்டி, திராட்சைப் பிரபுவாக விரும்புகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. பதினாறாவது பலகையில் பெராஸ்ஸோ. எட்டு வரிசைக் கொடி. உதிரப்போகிற இலைகள்.

நெலிதாவின் நீலக் கார் எட்டு வரிசையாக அங்கே நின்றது.

சுவைக்கூடத்தில் ஏவரிஸ்தோ புட்டியைத் தூக்கிக் காட்டினான். கண் கலங்கியிருந்தது. லேபிளில் ஒரு சிங்கம் திராட்சைக் குலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கீழே: ‘பெராஸ்ஸோ குடும்பம், மூன்று தலைமுறைப் பாரம்பரியம்’. அவன் தாத்தா ரொசாரியோ துறைமுகத்தில் கோதுமை மூட்டை தூக்கினார், அப்பா சோடா போட்டார். திராட்சை எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்று சிங்கத்தைத்தான் கேட்கவேண்டும். புட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு வரிசைபோல இருந்த எழுத்தை அவன் சத்தமாகப் படித்தான். “‘மலையின் மௌனத்தையும், முன்னோரின் பொறுமையையும், காத்திருக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் புன்னகையையும்…’ இது நீதான், கிழவி.”

“மூக்குக்கண்ணாடி எங்க?”

“என்ன?”

“கண்ணாடி போடாமப் படிக்கிறே.”

மிலாக்ரோஸ் திடீரென்று ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனாள்.

“அது… டாக்டர் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு,” என்றான் ஏவரிஸ்தோ. “நேராக் கேட்டிருந்தா கார விக்கச் சம்மதிச்சிருப்பியா? சொல்லு. உனக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னுதான்…”

“அப்ப அந்த மருந்து?”

“அது ஒண்ணும் பண்ணாது. வெறும் உப்புத் தண்ணி மாதிரி.”

“சபைக்குத் தெரியுமா?”

அவன் கோப்பைக்குள் பார்த்தான். அதில் ஈரக்கல்லும் இல்லை, சேணமும் இல்லை. “போன வருஷம் எல்லாரும் வந்து பாத்தாங்க.”

புறப்படுவதற்கு முந்தின வியாழக்கிழமை அந்தப் பதினொரு பேரும் அவளை முத்தமிட்டு வழியனுப்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருவர் பச்சை நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, “எப்படித்தான் அந்த ஊரக் கண்டுபிடிச்சீங்க, தோன்யா நெலிதா? பயங்கரமான மூளை!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு பெண் இருந்திருந்தால் திட்டியிருக்கலாம். நான்கு மாதம் நூல்வைத்து அளந்த தூரத்தை யாரிடம் போய்த் திட்டுவது? அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கொட்டகை நிழலில் தோட்ட வேலைக்காரர்கள் நான்கு பேர் நீளமான பலகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்டிய இறைச்சி, தக்காளி, பெரிய குடுவையில் சிவப்பு வைன், பக்கத்தில் வலைக்கூடு போட்ட பழைய சிஃபன்.

“இதக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டுமா, தம்பிகளா? இப்பவே கொண்டாந்துர்றேன்.”

“எடுத்துக்கோங்கம்மா. உள்ள குடுக்குறது தொண்டைய அடைக்குதா?” என்றான் ஒருவன். மற்றவர்கள் ரொட்டியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

ஏவரிஸ்தோ அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்தான். அவள் அவனுடைய கோப்பையில், சிங்கம் காவல் நின்ற அந்த வைனில், சிஃபனின் மூக்கை வைத்து அழுத்தினாள். சோடா சீறிக்கொண்டு இறங்கியது. இளஞ்சிவப்பு நுரை விளிம்பைத் தாண்டி அவன் சட்டைக் கையில் வழிந்தது.

“நெலிதா! பதினெட்டு மாசம் பீப்பாயில இருந்தது அது!”

அவள் ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். “உங்கப்பா போட்ட சோடா நல்லா இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னாள். சிஃபனைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்லிவிட்டு, சரளைப் பாதையில் இறங்கினாள்.

நெடுஞ்சாலை ஒன்றரை கிலோமீட்டர். நோட்டைத் திறக்காமலே தெரியும்: முக்கில் பெயர் அழிந்த நிறுத்தம், மூன்று பத்துக்கு மெண்டோசா பஸ், அங்கிருந்து டிராம், மைப்பூவில் தோட்டம் வைத்த ஒரு விடுதி. அந்த விடுதிக்காரி, வந்தால் வாங்க, வராவிட்டாலும் ஃபோன் பண்ணுங்க என்று சொல்லியிருந்தாள். பெட்டி துப்புங்காத்தோவில் இருந்தது. இருக்கட்டும். பின்னால் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. ஏவரிஸ்தோ ஆறு புட்டிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். செகுந்தோ மதியம் தூங்கப் போய்விட்டான், ஐந்து மணிக்கு முன்னால் எழுந்திருக்கமாட்டான்.

“நாம பேசணும், கிழவி. ஊருக்குப் போய்ப் பேசுவோம். நீதானே இந்த ஊரத்…” என்று ஆரம்பித்தவன் தானாகவே நிறுத்திக்கொண்டான்.

பஸ் சரியாக மூன்று பத்துக்கு வந்தது. அவள் கை நீட்டினாள். ஏறினாள், கைப்பையிலிருந்து பஸ் கட்டண அட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தாள். ‘பீப்’ என்றது. ஏவரிஸ்தோ பெட்டியைப் படியில் வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பண நோட்டுகளை உருவி நீட்டினான். சட்டைக் கையில் இளஞ்சிவப்புக் கறை காய ஆரம்பித்திருந்தது.

“காசெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறா?” என்றார் ஓட்டுநர். “அட்டை இல்லையா?”

அவனிடம் இருந்ததே இல்லை. பதினான்கு மாதமாக எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் அவனுக்கும் சேர்த்து அவள்தான் வைப்பாள். அவன் நேராக ஜன்னல் இருக்கைக்குப் போய்விடுவான்.

“ஒருத்தரா, ரெண்டு பேராம்மா?”

இயந்திரத்தின் சின்னத் திரையில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. சாலையோர வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நெலிதாவின் கை அட்டையோடு இயந்திரத்துக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது.