வெறும் வயிற்றோடு

என் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுப்பார்கள் என்பது எனக்கு மாதக்கணக்காகத் தெரியும். தெரிந்தே போய்ப் படுப்பதற்குத் தனி தைரியம் வேண்டும், அது உனக்கு இருந்தது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். தைரியமாவது ஒன்றாவது. பயத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் தடவை அப்படியில்லை. அது ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி. வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. அரை உயிராக என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூக்கில் எதையோ வைத்தார்கள். கண் விழித்தபோது வயிற்றில் தையல் இருந்தது, பிள்ளை இல்லை. பெண்ணாம். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் என் புருஷன் கலியாணசுந்தரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளைங்க மாதிரிதான்" என்றார். அந்தப் பதிலுக்காக அவரோடு வெகுநாள் பேசாமல் இருந்தேன்.

இரண்டாவது வயிற்றில் தங்கிய கொஞ்ச நாளில் அவரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் நானும் அவருடைய அக்கா ருக்மணியும்தான். அவளை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். எவனையும் எதிர்த்துப் பேசுவாள், ஆனால் பல்லி கத்தினால் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிடுவாள்.

டாக்டர் நல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். முன்பே சொல்லிவிட்டார்: "பழைய தையல் இருக்குது பிள்ளை. வலி எடுத்தால் அது பிரிஞ்சுபோகும். பிரிஞ்சால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதுக்கு முந்தியே நான் நாள் வைக்கிறன்."

என்ன நடக்கும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. மயக்க மருந்து கொஞ்சம்தான் மிச்சம். கட்டுத் துணி ஆஸ்பத்திரியில் கிடையாது, பழைய வேட்டியைக் கிழித்து அவித்துக் கொண்டுவர வேண்டும். பிறகு இருமினாலும் சிரித்தாலும் வயிற்றைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பதற்கு அந்தக் காலத்தில் ஒன்றும் இல்லாததால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் தட்டுப்பாடு, அதனால் அன்று காலையில் வந்தால் போதும் என்றார். "ஒண்டு மட்டும் மறக்கக் கூடாது. வெறும் வயித்தோட வரவேணும். தண்ணியும் ஏலாது." ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டாக்டரிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் நமக்கு ஏது?

அண்ணி தன் தம்பியின் வேட்டிகளையெல்லாம் கிழித்து அவித்தாள். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். "தம்பி வந்தா கட்டிக்க வேணாமா?"

குறித்த நாள் விடிகிற நேரம் சோற்று வாசனையில் எழுந்தேன். கனவென்றுதான் நினைத்தேன். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று அரிசியின் வாசனையே எனக்கு மறந்துபோயிருந்தது. அடுப்படியில் அண்ணி கொஞ்சம் சோற்றை வடித்து, பக்கத்தில் நெத்திலியும் வறுத்து வைத்திருந்தாள். தன் கூறைப்புடவையைப் பக்கத்துத் தெங்கேராவில் யாரிடமோ கொடுத்து மாற்றி வந்த அரிசி.

"டாக்டரு வேணாம்னாரே அண்ணி."

"டாக்டரு ஆம்பிள, அவருக்கென்ன தெரியும்? வெறும் வயித்தோட படியெறங்குறது எழவுக்குத்தான். போன தடவ பட்டினியாப் போனே, வெறுங்கையோட வந்தே. இந்தத் தடவ நான் விடமாட்டேன். சாப்புடு."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்குப் பதினொன்றும் பறந்தது. பானையைச் சுரண்டித் தின்றேன். அண்ணி ஒரு பருக்கையும் வாயில் போடாமல் நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல் என்னைப் பார்த்து யாரும் சோறு போட்டதில்லை.

ரிக்‌ஷாவில் போகும்போதே வயிறு ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் இறுகியது. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் வந்து, பட்டினிதானே என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "பச்சத் தண்ணி பல்லுல படல." அப்படி ஒரு பொய்யை அவ்வளவு பக்தியோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேசையில் என்னைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் என் கையைத் தொட்டு, பயப்படாதே என்றார். "நல்ல பிள்ளை, சொன்ன மாதிரி பட்டினி கிடந்தனீர். சாப்பிட்டிருந்தால், மயக்கத்தில வாந்தி வந்து சுவாசப்பைக்குள்ள இறங்கும். பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது." மிஸ்ஸி மருந்துத் துணியை என் முகத்தருகே கொண்டுவந்தாள்.

இரண்டாவது பிள்ளையின் முகத்தையும் பார்க்காமல் சாகப் போகிறேன் என்று நினைத்ததும் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. துணியைத் தட்டிவிட்டேன்.

"ஐயா, நான் சோறு தின்னுட்டேன்."

முதலில் வாய் திறந்தது மிஸ்ஸிதான். "சோறா? எங்க கெடச்சுது?"

டாக்டர் அவளை முறைத்தார். நாளைக்குத் தள்ளிப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே என் வயிற்றில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து அது மறுபடி கல்லாக இறுகியது. "எப்ப தொடங்கினது?" என்றார். சொன்னேன். அண்ணி ஆக்கிப் போட்ட சோறு என்பதையும் சொன்னேன்.

"தள்ளிப் போட ஏலாது. தையல் தாங்காது. மயக்கமும் தர ஏலாது. தோல் மரத்துப்போக ஊசி போடுவன். உள்ளுக்குள்ள நோகும், பொய் சொல்லமாட்டன். முழிச்சிருந்து தாங்குவீரோ?"

"புள்ளையப் பாக்கலாமா?"

"பார்க்கலாம்."

"அப்ப வெட்டுங்க."

டாக்டர் கதவைப் பார்த்துச் சத்தம் போட்டார். "சோறு குடுத்தவவைக் கூப்பிடுங்கோ. வந்து தலையைப் பிடிக்கட்டும்."

அண்ணி வந்தாள். நடந்ததை மிஸ்ஸி சொல்லியிருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது. என் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கத்தி பட்டது அவ்வளவாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் சாமான் தேடுவது போல வயிற்றுக்குள் கை புரண்டது. நான் கத்தின கத்து இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. நடுவில் குமட்டிக்கொண்டு வந்தது. அண்ணி சட்டென்று என் தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தன் முந்தானையை ஏந்தினாள். காலையில் தின்ற சோறு அத்தனையும் பருக்கை பருக்கையாக அதில் விழுந்தது. தான் போட்ட சோறு என்ன செய்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது போலிருந்தது. "ஐயோ பாக்கியம், நானே உன்னக் கொல்லப் பாத்தேனே" என்று அழுதாள். அவள்மேல் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. தலையை விட்டுவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

பிறகு வயிறு காலியானது. ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் அழுகை கேட்டது.

"பொம்பிளைப் பிள்ளை" என்று டாக்டர் தூக்கிப் பிடித்தார்.

எல்லாப் பிள்ளைகள் மாதிரியும் இல்லை அவள். இடது காது மேலே மடங்கியிருந்தது. முடி நெற்றிவரை இறங்கியிருந்தது. கலியாணசுந்தரத்துக்குக் கோபம் வந்தால் விழுகிற மடிப்பு இரண்டு புருவத்துக்கும் நடுவில் அப்படியே விழுந்திருந்தது. உள்ளே தைத்துக்கொண்டிருந்தார்கள், உயிர் போய் உயிர் வந்தது, நான் கண்ணை மூடவில்லை. அவர் வந்து கேட்டால் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூத்தவளும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றியபோதுதான் அழுதேன்.

சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். யார் வந்தாலும் அண்ணி போய் விசாரித்தாள். அந்த ஒரு வேட்டியைப் பூச்சி அரிக்காமல் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தாள்.

அன்று பார்த்த முகத்தை இன்றைக்கும் ஒரு மயிரிழை பிசகாமல் சொல்வேன். கேட்க வேண்டியவர்தான் வரவில்லை.