டிரம்மில் கிடந்த தேன்

மோனிகா முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். புதுச்சேரியில் அவள் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக்கூடத்துக்கு அன்று பதினோரு தேன் மாதிரிகள் வந்திருந்தன. பத்தில் பழுதில்லை. பதினோராவது, செஞ்சியில் தேன்பெட்டி வைத்துத் தேன் விற்கும் அவள் அண்ணன் வீரமணி அனுப்பியது. அதில் காரீயம் அனுமதித்த அளவைப்போல் முப்பது மடங்கு இருந்தது. குழாய்களைக் கழுவி மறுபடி பார்த்தாள். மூன்றாம் முறையும் அதே எண்தான்.

உடனே அண்ணன் மகள் அமலாவின் நினைவுதான் வந்தது. நாலு வயதுக் குழந்தை. ஆறு மாதமாகத் தினமும் காலையில் ஒரு கரண்டி தேன். இப்போது அடிக்கடி வயிற்றுவலி, முகமெல்லாம் வெளிறிப்போய்ச் சுருண்டு சுருண்டு படுத்துக்கொள்கிறாள். கண்பட்டிருக்கும் என்று அண்ணி வெண்மதி சுற்றிப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை செஞ்சிக்கு வந்து, அடையிலிருந்து கொஞ்சம், சேர்த்துவைக்கும் டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்துப்போனாள். அடைத்தேன் சுத்தமாக இருந்தது. கடைத்தெருவில் தகரத்தை ஈயத்தால் பற்றவைத்துச் செய்து வாங்கிய டிரம்தான் விஷம். அதன் உள்மூட்டுகள் அரித்துப்போயிருந்தன. மறுபடி செஞ்சிக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள்.

"ஈயம் வெச்சிதானே பத்தவெச்சாங்க? ஈயச் சொம்புல நாம ரசம் வெக்கல? இன்னா ஆயிடுச்சி?" என்றான் வீரமணி.

"அது வெள்ளீயம்ண்ணா. இது காரீயம். தேன்ல புளிப்பு இருக்குது. மாசக்கணக்கா உள்ள கெடந்து அதைக் கரைச்சி எடுத்துருக்குது."

அவன் திரும்பி, பாயில் படுத்திருந்த மகளைப் பார்த்தான்.

அமலாவின் ரத்தத்திலும் காரீயம் இருந்தது. மருந்தால் அளவைக் குறைத்துவிடலாம், மூளையில் பட்டது எந்த அளவுக்குச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரியாகிவிடுமா என்று வெண்மதி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வித்த பாட்டிலையெல்லாம் திருப்பி வாங்கணும்ண்ணா."

"வெளிய சொல்லாத மோனி. தலைகாட்ட முடியாம பூடும்."

"அந்த வீடுங்கள்லயும் கொழந்தைங்க இருக்குதுங்க."

வீரமணி எழுந்து பைக் சாவியை எடுத்தான். மோனிகாவும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

இரண்டு நாளில் நாற்பது பாட்டில் திரும்பின. அனந்தபுரத்தில் ஒரு வீட்டில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"அந்தத் தேனா? தீந்துபோச்சே. கலப்படமில்லாத தேன்னு இவன் நாக்குல தடவிக்கினு வந்தோம்."

விஷயத்தை மோனிகாதான் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உம் பிள்ளைக்கும் இதான் குடுத்தியா?"

"ஆமாம்மா," என்றான்.

"அதனாலதான் உன்னை உடறேன்," என்று கதவைச் சாத்தினாள்.

அவளுடைய குழந்தைக்கும் காரீயம் ஏறியிருந்தது. அமலாவைவிடக் குறைவு. அடுத்த வாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். அந்தப் பெண்ணும் வீரமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வைகாசிக்குள் அமலாவின் வயிற்றுவலி நின்றுவிட்டது. ஜூனில் பள்ளியில் சேர்த்தார்கள். மூன்றாம் வாரம் டீச்சர் வெண்மதியைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளை அமைதியாக இருக்கிறாள், அடம்பிடிப்பதில்லை, ஆனால் நேற்றுச் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கு அவளிடம் இல்லை என்றார்.