224-ஆம் எண்ணுக்கு வந்த பதில்

அன்று அறையில் மூன்று பேர் இருந்தோம். அக்கா, அம்மாவின் கட்டிலில் கால்மாட்டில். அத்தான் கதவருகே மடக்கு நாற்காலியில். நான் தரையில், சுவரில் சாய்ந்து. தலைமாட்டுச் சுவரில் எங்கள் குரு ஐயாவின் படம். அம்மா போய் ஒன்பது நாள். நான் இருக்கும் ஐயாவின் ஆசிரமத்தில் அது மௌன மாதம், தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. செய்தி தெரிந்து நான் வந்து சேர்ந்தது முந்தின நாள்தான்.

“சாமியாருக்கு டீயாவது உள்ள எறங்குமா?” என்றார் அத்தான்.

“நீங்க சும்மா இருங்க” என்றபடி அக்கா தலையணை உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “உன் மேல எனக்குக் கோபம் இல்லடா. உன்னைக் கூப்பிடலாமான்னு அம்மா ஐயாவையே கேட்டுச்சு. வேண்டாம்னு அவரே எழுதிட்டாரு. அதுக்கு மேல நான் யாரு?”

மேலே 224 என்ற எண். ‘மகனை அழைக்க வேண்டாம். இருக்கும் இடத்தில் அவன் உங்கள் நினைவோடுதான் இருக்கிறான்.’ கீழே ஐயாவின் முத்திரை.

எட்டி, எண்ணை மறுபடி பார்த்தேன்.

பதினோரு வருடமாக ஐயாவுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் அடிப்பது என் வேலை. பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று ஐயா ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் முன்னறைக்காரர், பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் நோட்டில் ஒரு வரியாக எழுதித் தருவார். ‘224: தாய் நோயாளி. மகன் தொலைவில், சேவையில். அழைக்கலாமா?’ இந்த மாதிரி வாரத்துக்கு நாலு வரும். ஐயா எப்போதோ யாருக்கோ சொன்ன பதிலையே எல்லோருக்கும் அனுப்புவேன். இதையும் சாப்பாட்டு மணிக்குள் முடிக்கும் அவசரத்தில் அடித்தேன்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். அக்கா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை அடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தானே குடித்தார்.

“ஒண்ணுமே தோணலையா உனக்கு?” என்றாள் அக்கா.

“ஒரு வரிதான்க்கா வந்துச்சு.”

“நாலு பக்கம் எழுதுச்சுடா. கை நடுக்கத்தோட, மூணு நாளா.” தாளை மடியில் வைத்து நீவினாள். “பதினோரு வருஷமா உன்கிட்டேருந்து ஒரு லெட்டர் வரலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வந்ததே உன் லெட்டர்தான்னு, பாவம், அதுக்குத் தெரியல.”

தாளை மடித்து வைத்துவிட்டு, “பேப்பர் எடு” என்றாள். “ஐயாவுக்கு எழுது. அம்மா பேரை மேல முழுசாப் போடு. அப்புறம், 224-க்குப் பதில் கிடைத்தது, கேட்டவர் இறந்துவிட்டார், அவர் எழுதிய நாலு பக்கத்தையும் திருப்பி அனுப்பவும். அவ்வளவுதான். கீழ, மகன்னு போட்டு உன் பேரு.”

முன்னறைக்காரர் இதையும் ஒரு வரியாக்கித்தான் நோட்டில் ஏற்றுவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி மடித்தேன். உறையை ஒட்ட அக்கா என்னை விடவில்லை. தானே ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்து, அத்தானிடம் நீட்டினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போனார்.