துருப்பிடிக்காத ஷெட்

1988 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலிலிருந்து, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் செலினின் பட்டறை ஷெட்டுக்குள் இரும்பு துருப்பிடிப்பதில்லை. உள்ளே நிற்கும் அவள் புருஷன் வேதமுத்துவுக்கு வயதும் ஆவதில்லை. கோர்ட் உத்தரவு அப்படி. எஸ்டேட்டில் இதை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள், அடுத்த வாரம் டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

பட்டறை செலினின் பெயரில் இருந்தது. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் பாதிப் பட்டறைகள் வீட்டுக்காரியின் பெயரில்தான் நடந்தன. பாசம் ஒன்றும் இல்லை. ஏதாவது ஏடாகூடமாகிப் போலீஸ் வந்தால், ஒரு பொம்பளையை ஜீப்பில் ஏற்றக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்ற நினைப்பு. அதனால் இரும்பு கடைகிற லேத்து முன்னால் நிற்பது ஆண், கையெழுத்துப் போடுவது பெண் என்று ஆகிப்போனது. செலின் காட்டுப்பாக்கத்து வீட்டில் குழம்பைக் கிளறியபடியே டெண்டர் தாள்களில் கையெழுத்துப் போடுவாள். இலங்கைக்குப் பட்டாளம் போன சமயத்தில், டாங்கிச் சக்கரத்தின் இரும்புச் சங்கிலியைக் கோக்கிற பின் வேண்டும், உடனே வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கொடுத்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் சொன்னவருக்கும் நோட்டீஸ் வரும். யுத்த காலம் என்ற ஒரே சொல்லைச் சாக்காக வைத்து அந்த ஒப்பந்தத்தில் இல்லாத மிரட்டல் இல்லை. தாமதமானால் தண்டம், பின் உடைந்தால் ஜெயில், வேண்டாம் என்று தள்ளிய பின்னைப் பழைய இரும்புக்குப் போட்டால் அதற்கும் ஜெயில்.

இதையெல்லாம் படித்து, எந்த வரியில் கால் வைத்தால் வழுக்கும் என்று சொல்வதற்குக் கரையான்சாவடியில் வக்கீல் இராமகிருஷ்ணன் இருந்தார். மருந்துக் கடைக்கு மேல் மாடி. சின்னப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிராளியைப் பரிதாபமாகப் பார்ப்பார். பின்கள் தயாரானதும் பரிசோதனைக்கு ஒரு ஆள் வந்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், மயிரிழை விரிசல் இருக்கிறது என்று மொத்தத்தையும் தள்ளிவிட்டார். இரும்பு கொடுத்ததே அவர்கள்தான். ஆனாலும் பின்களை எடுத்துப்போய் அறுத்து அழிக்கப் போவதாகவும், நஷ்டத்துக்கும் வழக்குக்கும் பட்டறையே பொறுப்பு என்றும் தாக்கீது வந்தது. அறுத்துவிட்டால் கோளாறு இரும்பிலா லேத்திலா என்று அப்புறம் ஆண்டவனாலும் சொல்ல முடியாது. பழி பட்டறை போர்டில் எழுதியிருக்கிற பெயர் மேல் விழும். செலின் தாக்கீதை எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்கு ஓடினாள்.

"பயப்படாதம்மா," என்றார் வக்கீல். "அந்தப் பின்னு அசையாம இருக்கற வரைக்கும் உன்ன யாரும் அசைக்க முடியாது. அசையாம நான் பாத்துக்கறேன்."

அவர் தன் வாழ்நாளில் எழுதியதிலேயே மிகச் சிறந்த மனு அது. ஷெட்டுக்குள் உள்ள யாவும், மறு உத்தரவு வரும்வரை, இந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்; எதுவும் உள்ளே போகக் கூடாது, எதுவும் வெளியே வரக் கூடாது என்று, ஓர் எறும்பு நுழையவும் இடம் விடாமல் எழுதியிருந்தார். நீதிபதி இரண்டு முறை படித்து, எழுதியவரை மெச்சி, கையெழுத்துப் போட்டார். பட்டறை செலினின் பெயரில் இருந்ததால் கோர்ட்டில் நின்றவள் செலின். தாளில் பெயரே இல்லாத வேதமுத்துவுக்கு அங்கே என்ன வேலை? அவன் ஷெட்டுக்குப் போயிருந்தான். சாட்சியாக இருக்க வேண்டிய பின்கள் கேஸ் முடிவதற்குள் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக எண்ணெய் தடவப் போனான். அப்படி ஒரு பொறுப்பான மனுஷன்.

ஜெயித்த சந்தோஷத்தில் செலின் ஜிலேபி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதவு திறந்துதான் இருந்தது. வேதமுத்து பின் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நின்றான். கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு இறங்கி, தரைக்கு வராமல் பாதியில் நின்றது. மேசை மேல் டீ. அதன் ஆவியும் அந்தரத்தில் நின்றது. ஏங்க என்று கூப்பிட்டபடி உள்ளே கால் வைத்தவள், ஜிலேபிப் பொட்டலத்தோடு தெருவில், வீட்டைப் பார்த்த திசையில் நின்றாள். திரும்பவும் வைத்தாள். திரும்பவும் தெரு.

அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்கள் கடப்பாரையோடு போனார்கள், கடப்பாரையோடு தெருவுக்கு வந்தார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்களுக்கும் அதே கதைதான். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்து, முகத்தில் களை நன்றாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். பங்குச் சாமியார் தெளித்த தீர்த்தம் வாசற்படி வரை போய்த் திரும்பி அவர் செருப்பை நனைத்தது. இன்ஸ்பெக்டர் வந்து, உத்தரவு ஒழுங்காக அமலில் இருப்பதாகவும் யாரும் அதை மீறவில்லை என்றும் எழுதிக்கொண்டு போனார். கடைசியாக ஸ்கூட்டரில் வந்த வக்கீல் ஜன்னலுக்குள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மண்ணிலேயே உட்கார்ந்து, இவ்வளவு நன்றாக எழுதியிருக்கக் கூடாது என்று சொல்லி அழுதார்.

உத்தரவை நீக்க ஒரு மனுப் போட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நீக்கினால் என்ன ஆகும் என்று வக்கீல் செலினுக்கு எடுத்துச் சொன்னார். பின்கள் போய்விடும், பழி வந்து சேரும், வீடு ஜப்தியாகும், அவளை உள்ளே தள்ளவும் செய்யலாம்.

"ஊடு போட்டும் சார்," என்றாள் செலின். "ஜெயிலுக்கு நான் போறேன். அந்தாளு வெளிய வந்தா போதும்."

இதற்கு மேல் ஒரு கட்சிக்காரி என்ன விட்டுக்கொடுக்க முடியும்? ஆனால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சியம் இத்தனை பத்திரமாக இருக்கும்போது உத்தரவை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் கோப்பு ரகசியக் கோப்பு, சண்டை நடக்கும்போது அதைத் திறந்த கோர்ட்டில் பிரிக்க முடியாது, அவகாசம் வேண்டும் என்றார்கள். கிடைத்தது. தொண்ணூறில் பட்டாளம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. கோப்பு மட்டும் ரகசியத்திலிருந்து திரும்பவில்லை. வாய்தா மேல் வாய்தா. நீதிபதிகள் மாறிப் போனார்கள். புதிதாக வருகிறவர், அப்படியா, ஆள் உள்ளேயா, அடடா என்று வருத்தப்பட்டு அடுத்த தேதியைக் கொடுப்பார்.

செலின் பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். ரேஷன் கார்டில் வேதமுத்துவின் பெயரை அடிக்கச் செத்த சான்றும் இல்லை, காணாமல் போன புகாரும் இல்லை. இரண்டு பேருக்கும் அரிசி வந்தது, இவள் ஒருத்தியே தின்றாள். வாக்காளர் பட்டியலில் அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. கோயிலில் விதவைகள் சங்கத்துப் பெண்கள் இவளைக் கூப்பிடுவதா விடுவதா என்று தெரியாமல் பார்த்தும் பாராமல் போனார்கள். வக்கீலோ அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு மனுவிலும், ஒரு ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு வேண்டுமென்றே ஓர் ஓட்டை விட்டார். அதனாலேயே பல கேஸ்களில் தோற்றார். மாலையில் வேலை விட்டதும் செலின் ஷெட் ஜன்னலுக்கு வருவாள். கண்ணாடியில் தன் முகமும் அதற்குப் பின்னால் அவன் முகமும் தெரியும். ஒருநாள் பூ விற்கிறவள், உள்ள இருக்கறது உன் தம்பியாம்மா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். தனக்கு மட்டும் நரைக்கிறதே என்று அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் போய்க் காட்டுவது? எட்டும் தூரத்தில் நிற்கிற ஆளுக்காக இந்தக் கையால் ஒரு துரும்பையும் கிள்ள முடியவில்லை என்பதுதான் அவளைத் தின்றது.

தொண்ணூற்றொன்பதில் வடக்கே மலை மேல் சண்டை மூண்டது. மேற்கு எல்லையில் டாங்கிகள் தயாராக நிற்க வேண்டும், பின் எங்கே என்று தேடியவர்களுக்கு அம்பத்தூரில் துருப்பிடிக்காமல் ஒரு ஷெட் நிறைய இருப்பது நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷம் அசையாத கேஸ் ஒரே காலையில் ஓடியது. அதே அலுவலகம் தானாகவே வந்து, பின்கள் அருமையான பின்கள், அன்று பார்த்தது விரிசல் இல்லை, பூதக்கண்ணாடியில் இருந்த கீறல் என்றது. பட்டறைமேல் குற்றமில்லை, வழக்கு வாபஸ். பின்களைத் தூக்குகிற கூலியாட்கள் மட்டும் உள்ளே போய் அவற்றை எடுக்கலாம் என்று உத்தரவு திருத்தப்பட்டது. மற்றவை உள்ளபடியே. தடியூன்றி நின்ற இராமகிருஷ்ணன், "ஐயா, அந்த மத்ததுல ஒரு மனுஷன் நிக்கறான்!" என்று கத்தினார். அதற்குத் தனி மனு போடுங்கள் என்று மரியாதையாகவே பதில் வந்தது. மனுவை எடுத்துக்கொண்டு போனால், வழக்கு முடிந்துவிட்டது, நம்பர் இல்லை, நம்பர் இல்லாமல் மனுவை எதில் சேர்ப்பது என்றார் குமாஸ்தா. வழக்கு போய்விட்டது. உத்தரவு இருந்தது.

மறுநாள் லாரி வந்தது. பாடியிலிருந்து மேஸ்திரி நஜீர் தன் கூலியாட்களோடு வந்திருந்தான். அவர்கள் சாதாரணமாக உள்ளே போவதையும் பெட்டியோடு வருவதையும் பார்த்துக்கொண்டிருந்த செலின் அவனிடம் போய் நின்றாள்.

"யக்கா, பின்னு தூக்கற ஆளுன்னா உள்ள உடுது," என்று நஜீர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தான். "நீயும் தூக்கு."

துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு படியைத் தாண்டினாள். தெரு வரவில்லை. வேதமுத்துவின் கழுத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது, வியர்வைகூட இருந்தது. கூப்பிட்டாள். பிடித்து இழுத்தாள். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய லேத்தை இழுத்தாற்போல் இருந்தது. அவன் கண் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்தபடியே இருந்தது. அழுதுவிட்டு ஒரு பின்னை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனாள், திரும்பி வந்தாள், அம்மா செத்துப்போனதை அவனிடம் சொன்னாள், இன்னொரு பின்னை எடுத்தாள். கடைசிப் பெட்டி மட்டும் மிஞ்சியதும் கூலியாட்கள் பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சத்தை அவளுக்கே விட்டுவிட்டார்கள். அவள் ஒவ்வொரு பின்னாகத் தூக்கினாள்; வீட்டுக்கு வெள்ளையடித்தது, கிணறு வற்றியது, தம்பி துபாய் போனது என்று ஒவ்வொரு நடைக்கும் ஒன்றைச் சொன்னாள். லாரியோடு ஜீப்பில் வந்திருந்த அதிகாரி, பின் ஏற்ற வேண்டிய ரயில் போய்விடும் என்று குதித்தார். பொழுது சாய்ந்ததும், "ஒண்ணு ரெண்டு கெடந்தா அப்புறமா எடுத்து அனுப்பும்மா!" என்று சொல்லி லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியின் அடியில் ஒரு பின் கிடந்தது. செலின் அதை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் நிமிர்ந்தாள். பதினோரு வருஷமாக உத்தரவுகளைப் படித்தவள் அவள். பின்னை எடுக்கப் போகிறவர் உள்ளே போகலாம். எடுத்தே தீர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அன்று முதல் தினமும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னை எடுக்கப் போகிறாள். தூக்குவாளி வாசற்படியைத் தாண்டாது, அதை வெளியே வைத்துவிடுவாள். அவன் பக்கத்தில் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து பேசுவாள். அவனுக்குக் கேட்கிறதா என்று யாருக்கும் தெரியாது. சண்டை முடிந்து மழைக்காலத்தில், பாக்கிப் பின்னை உடனே அனுப்பவும் என்று தாக்கீது வந்தது. இராமகிருஷ்ணன் அதைப் படித்து, பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மேற்படி பின்னை அகற்ற உரிமையாளர் தினந்தோறும் நேரில் முயன்று வருகிறார், அவகாசம் தேவை என்று பதில் எழுதினார். அவகாசம் கிடைத்தது. முடிந்ததும் இன்னொன்று கேட்டார், அதுவும் கிடைத்தது.

இருட்டும் நேரத்தில் கேட்டைப் பூட்ட வருகிற வாட்ச்மேன் துலுக்கானம் கேட்பார்: "இன்னாம்மா, இன்னிக்காச்சும் எடுத்தியா?"

"கனமா கீது அண்ணாத்தே. நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லி செலின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.