மேடு ஏறாத காடி

பகாவ் ரோட்டிலிருந்து அந்த வெள்ளைக் காடி தன் கார்ப் பட்டறைப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் சுகுமாறனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஓட்டி வருவது தங்கை புருஷன் யோகேந்திரன். பக்கத்தில் தங்கை மோகனா. இரண்டு பேரும் சேர்ந்து வேறு எதற்கு வரப் போகிறார்கள்? அவர்கள் மகள் ரதிக்குக் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வீடு தேடி வந்து வைக்க வேண்டும். ஆனால் நடந்தது என்ன? செம்பனைத் தோட்டத்தில் பாதி வீடுகளுக்குப் பத்திரிகை போயாயிற்று. கெமாஸில் இருக்கும் தூரத்துச் சொந்தத்துக்குக்கூடப் போயாயிற்று. தாய்மாமனுக்கு மட்டும் வரவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? "என்ன போர்மேன், பத்திரிகை வந்துருச்சா?" என்று காடி கழுவ வந்தவன் போனவனெல்லாம் கேட்டு மனுஷனை அரித்தெடுத்தார்கள்.

சுகுமாறன் எண்ணெய்க் கையை அவசரமாகத் துடைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

காடி நின்றது. தட்டு இறங்கவில்லை. யோகேந்திரன்தான் இறங்கினான். கதவை அறைந்து சாத்தினான்.

"என்னய்யா செஞ்சு வெச்சிருக்க என் காடிய?"

மச்சான் என்றும் இல்லை, மெக்கானிக்குக்கு ஊர் வைத்த போர்மேன் என்றும் இல்லை. 'என்னய்யா'வாம்! குளிர்ந்த நெஞ்சு அந்த நிமிஷமே கொதிக்கத் தொடங்கியது.

"ஏன், என்னா செஞ்சேன்?"

"நீ சர்விஸ் பண்ணிக் குடுத்ததுலேருந்து இழுக்கல. சமதரையில ஓடுது. மேட்டக் கண்டா சாகுது. நேத்து ஆபீஸ் மேட்டுல பாதியில நின்னுருச்சு. பின்னால செம்பனை லோரிக்காரன் ஓர்ன் அடிக்கிறான். காடிக்குள்ள மாப்ள வீட்டு ஆளுங்க. மானமே போச்சு லா!"

"பழைய காடி. ஏதாச்சும் அடைச்சிருக்கும். பாத்தாத்தானே தெரியும்."

"பழைய காடியா? ஒங்கிட்ட வர்ற வரைக்கும் ஏறிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அன்னிக்கு வாயால சொன்ன. இன்னிக்குக் கையால செஞ்சிட்ட. அதான் விஷயம்."

அதைக் கேட்டதும் சுகுமாறனுக்குச் சுருக்கென்றது. அந்தக் காடி அவருடைய அப்பாவின் காடி. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த மனுஷன், வேலையை விட்ட கையோடு வாங்கினார். சாகிற காலத்தில் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டார். பட்டறை வைத்திருக்கிற மகன் இருக்க, கியர் போடத் தெரியாத மருமகனுக்கா காடி? சுகுமாறனால் தாங்க முடியவில்லை. கருமாதி அன்றைக்கு, சொந்தபந்தமெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், "என் கைய விட்டுப் போன இந்தக் காடி ஒரு மேடு ஏறாது, எழுதி வெச்சுக்குங்க!" என்று கத்தினார். அவருக்கு அப்படி ஒரு வாய். கோபம் வந்தால் முதலில் வாய் ஓடும், அறிவு பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை அறுந்து போயிற்று. இப்போது கல்யாண அலைச்சல் வந்ததும் மோகனாதான், அப்பா காடியை அண்ணன் கைதான் தொட வேண்டும் என்று அடம்பிடித்து அனுப்பி வைத்தாள். சுகுமாறன் அதைச் சமாதானக் கொடி என்றே எடுத்துக்கொண்டார். எண்ணெய் மாற்றி, பிளக் மாற்றி, காற்று வடிகட்டி மாற்றி, மெழுகு பூசித் துடைத்துக்கூட அனுப்பினார். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

யோகேந்திரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "இங்க பாரு. இன்னிக்கு இந்தக் காடி ஆபீஸ் மேடு ஏறணும். ஏறலன்னா நீ வேணும்னேதான் கெடுத்தேன்னு அர்த்தம். காடியக் கெடுத்தவன் எம்பொண்ணுக்கு மால எடுத்துக் குடுக்க வேணாம். ரஹாங்குல மோகனாவோட சித்தப்பா மகன் அர்ச்சுனன் இருக்கான். அவன் வந்து மாமனா நிக்கட்டும்."

அர்ச்சுனனா! ரதி எந்த வகுப்பு படித்தாள் என்றுகூடத் தெரியாத அர்ச்சுனன்! ரதிக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது சுகுமாறன் மடியில். அவருக்குப் பிள்ளை இல்லை. மணமேடைக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வருவதைத்தான் அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றையும் இவன் பிடுங்கப் பார்க்கிறான்.

மோகனா காடியை விட்டு இறங்கவே இல்லை. "விடுங்களேன், வேற எடத்துல காட்டிக்கலாம்," என்றாள் முணுமுணுப்பாக. தங்கையும் தன்னைச் சந்தேகிக்கிறாள் என்று சுகுமாறனுக்குப் பட்டது.

"எங்கேயும் போக வேணாம். பொனட்டத் தொற," என்றார்.

இன்ஜினை ஓட விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நின்ற இடத்தில் நன்றாகத்தான் கத்தியது.

"இங்க கத்தும் லா. இங்க கத்துறதுக்கா காடி வாங்குறோம்?" என்றான் யோகேந்திரன்.

"கொஞ்சம் வாய மூடுறியா?"

புகைக்குழாயில் கையை வைத்துப் பார்த்தார். புகை தள்ளிக்கொண்டு வந்தது, அங்கே அடைப்பு இல்லை. பிளக்கைக் கழற்றினார். அவர் கையால் மாட்டிய புத்தம் புது பிளக் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார். பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லாவிட்டால் காற்று குறைகிறது. ரெண்டில் ஒன்று. கார்பரேட்டரைத் திறந்து சுத்தம் செய்தார். ஊசி சரியாக இருந்தது. மிதவை சரியாக இருந்தது. பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தார். ஒன்றிலும் குறை இல்லை. வியர்வை கண்ணில் இறங்கிக் கரித்தது. யோகேந்திரன் தலைமாட்டில் நின்றுகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ம்' போட்டான். அந்த 'ம்' ஒவ்வொன்றும் பிடரியில் ஒரு குத்து.

"அந்தக் காத்து டப்பாவத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டான்.

"போர்மேன் நீயா, நானா? அந்த டப்பாவுல வடிகட்டி மாத்தி மூடுனது நானு. என்னத் தவிர எவனும் அதத் தொட்டதில்ல. எங்கையால மூடுன எடத்துல கோளாறு இருக்காது, தெரிஞ்சுக்க!"

காடிக்குள் உட்கார்ந்திருந்த மோகனா தலையைக் குனிந்துகொண்டதை அவர் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, மோகனா பின் சீட்டுக்கு மாறிக்கொள்ள, மேட்டில் ஓட்டிப் பார்ப்பதற்காக ஆண்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். சுகுமாறன்தான் ஓட்டினார். செம்பனைக் காட்டுக்குள் சமதரையில் காடி ஒழுங்காகப் போயிற்று. ஆபீஸ் மேடு வந்தது. உச்சியில் தோட்டத்துக் கணக்கு எழுதும் பழைய கிராணி ஆபீஸ், வழியில் ஓரமாக நாலைந்து வீடுகள். பாதி மேடு ஏறியிருப்பார்கள். மிதிக்க மிதிக்க இன்ஜின் அடங்கியது. பின்னால் கரும்புகை கிளம்பியது. காடி முக்கி முனகி நின்றுவிட்டது.

"பாத்தியா? பாத்தியா?" யோகேந்திரன் தொடையில் தட்டினான். காடி நின்றதில் அப்படி ஒரு சந்தோஷம் அந்தப் படுபாவிக்கு.

சுகுமாறன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்தபடியே யோசித்தார். நின்ற இடத்தில் கத்துகிற இன்ஜினுக்குக் காற்று கொஞ்சம் போதும். மேட்டில்தான் மூச்சு வாங்கும். அங்கேதான் கிடைக்கவில்லை. அப்படியென்றால்... இறங்கிப் போய் பொனட்டைத் தூக்கினார். காற்று டப்பாவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற தடித்த குழாயை டப்பாப் பக்கம் பிடுங்கிவிட்டு, பொனட்டைச் சாத்தினார்.

"இப்ப நீ ஓட்டு."

யோகேந்திரன் மாறி உட்கார்ந்து மிதித்தான். காடி அலறிக்கொண்டு மேட்டில் பாய்ந்து ஏறியது. கொஞ்ச தூரம் போய் அவனே பயந்து பிரேக்கை அமுக்கினான்.

கோளாறு டப்பாவுக்குள். அவர் கையால் மூடிய டப்பாவுக்குள்.

சுகுமாறன் மேலே நடந்து போய் பொனட்டைத் திறந்து, டப்பாவின் கிளிப்புகளைத் தட்டி மூடியைத் தூக்கினார். வடிகட்டியின் மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதன் ஒரு முனை குழாய் வாயில் உறிஞ்சப்பட்டு நசுங்கிக் கசங்கிப் போயிருந்தது. மிதிக்கும்போது குழாய் வாயை அடைத்திருக்கிறது, காலை எடுத்ததும் விழுந்திருக்கிறது. முடிச்சு லேசாக அவிழ்ந்து, விபூதியும் காய்ந்த வேப்பிலையும் தெரிந்தன.

யோகேந்திரன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது, அடுத்த நொடி சிவந்தது.

"செய்வினை! எம்பொண்ணு கல்யாணத்துக்குச் செய்வினை வெச்சிருக்கியாடா, பாவி!"

"டேய், நான் எதுக்கு—"

"நீதான சொன்ன, ஒன்னத் தவிர எவனும் அந்த டப்பாவத் தொட்டதில்லன்னு! ஒன் வாயாலதான சொன்ன!"

ஓரத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுகுமாறன் வாயைத் திறந்தார். அப்போதுதான் மோகனா கண்ணில் பட்டாள். காடியை விட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தனக்குக் கல்யாணம் ஆகும் முன்னால் அவள் பட்டறையில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நிற்பாள். இது என்ன, அது என்ன என்று நச்சரிப்பாள். "இதான் காடிக்கு மூக்கு," என்று இந்த டப்பாவைக் காட்டி, மூடியைத் திறந்து மூடச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் இவன் இந்த நடுரோட்டிலேயே அவள் மேல் பாய்வான். சுகுமாறன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் கோபத்தில் வாயை அடக்கி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"பேச்சக் காணோம் பாத்தியா? மாட்டிக்கிட்டான்!" யோகேந்திரன் கைப்பேசியை எடுத்தான். "முடிஞ்சிது. அர்ச்சுனனுக்கே போன் போடுறேன். இந்த ஆளு மண்டபத்து வாசல்ல கால் வெச்சா—"

"நான்தான் வெச்சேன்," என்றாள் மோகனா.

"என்னது?"

"முனியாண்டி கோயில்ல மந்திரிச்சு வாங்குனது. அண்ணன் இல்ல. நான்தான் வெச்சேன்."

"எதுக்குடி?"

மோகனா புருஷனைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். "அண்ணன் வாய்க்குத்தான். அவர் சொன்னா பலிச்சிருமோன்னு பயம். எம்பொண்ணு மாலையும் கழுத்துமா ஏறப்போற காடி. " புருஷன் பக்கம் திரும்பினாள். "கண்ணாடியில கட்டுனா நீங்க பிச்சி எறிஞ்சிருவீங்க. அதான் மூக்குக்குள்ள வெச்சேன். மூச்சு வழியா நல்லதே போகட்டும்னு."

யோகேந்திரன் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். இவ்வளவு நேரம் ஊதி வளர்த்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "நல்ல குடும்பம் லா ஒங்களது," என்று காறித் துப்பிவிட்டுக் காடிக்குள் போய் உட்கார்ந்தான்.

சுகுமாறன் பழி நீங்கி நின்றார். ஆனால் அந்தப் பழியே தேவலாம் என்று இருந்தது. செய்வினை வைத்தான் என்று ஊரான் சொன்னால் மறுத்துச் சண்டை போடலாம். கூடப் பிறந்தவள் உன் வாய்க்குப் பயந்துதான் கோயிலுக்குப் போனேன் என்கிறாளே, அதற்கு என்ன பதில் சொல்வது?

"கருமாதி அன்னிக்குச் சொன்னதா?" "அது கோவத்துல சொன்னது, புள்ள."

"நீங்க எல்லாத்தையும் கோவத்துலதான் சொல்றீங்க. சொல்லிட்டு நீங்க மறந்துருவீங்க. எனக்குத்தாண்ணே தூக்கம் வரல."

"கல்யாணத்துக்கு நான் வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

மோகனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"வாங்க. மாமன் நீங்கதான். மால நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். ஆனா வாயத் தொறக்காதீங்கண்ணே. வாழ்த்துகூட வேணாம். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

சுகுமாறனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சூடாக ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். மஞ்சள் முடிச்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார், டப்பாவை மூடினார், குழாயைப் பொருத்தினார். காடியைக் கீழே இறக்கச் சொல்லி, தானே ஓட்ட உட்கார்ந்தார்.

இந்தத் தடவை காடி ஒரே மூச்சில் ஆபீஸ் மேட்டில் ஏறியது. உச்சியில் பழைய கிராணி ஆபீஸ் முன்னால் நிறுத்தினார்.

"ஏறிடுச்சு," என்றான் யோகேந்திரன். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை அவன். சீண்டுகிற ஜாதி. "என்னா, ஒண்ணும் சொல்ல மாட்டியா? பெரிய போர்மேன்னு பீத்திக்க மாட்டியா?"

சொல்வதற்குச் சுகுமாறனிடம் பத்துப் பேருக்கு வேண்டிய அளவு இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் மோகனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். அவிழ்ந்ததை இறுக்கிக் கட்டி, கண்ணாடியின் காம்பில் தொங்கவிட்டார். யோகேந்திரன் அதைப் பிய்த்தெறியக் கையை நீட்டினான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வர்றோம்ணே," என்றாள் மோகனா.

சுகுமாறன் தலையை மட்டும் ஆட்டினார்.