மடத்துவெளியில் நிலாவைப் பங்கிட்ட நாள்

மடத்துவெளி முன்பள்ளியில் நிலாவாக விளையாடத் தொடங்கிய பிறகு, வசீகரனின் மகள் பைரவி நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் உயர்ந்தது. அதை முதலில் கண்டவர் ரீச்சர் பிரியவதனி. கை கழுவுவதற்கு வைத்திருந்த வாளியில் பாதிக்குக் கிடந்த தண்ணீர், பைரவி பக்கத்தில் வந்ததும் விளிம்பு வரை ஏறி, அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனதும் பழைய மட்டத்துக்கு இறங்கியது. யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. ரீச்சர் வாளியைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கை கழுவக் கூப்பிட்டார்.

பிரியவதனி சரவணையிலிருந்து காலை பஸ்ஸில் இந்தத் தீவுக்கு வருபவர். அந்தத் தவணை பிள்ளைகளுக்கு விண்வெளியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிச் சொன்னால் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் முற்றத்து மணலில் சுண்ணாம்புத்தூளால் வட்டத்தைச் சுற்றி வட்டமாகக் கீறி, நடுவில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பிள்ளையைச் சூரியனாக நிறுத்தினார். புதன் ஓடவேண்டும், சனி மெல்ல ஆறுதலாக நடக்கவேண்டும். பனங்கொட்டைக்குச் சிவப்பு மை பூசிச் செவ்வாய் செய்தார்கள். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சனிக்கு வளையம் மாட்டினார்கள். பைரவி வகுப்பில் ஆகச் சின்னவள். எந்த விளையாட்டுக்கும் அவளை யாரும் முதலில் கூப்பிட்டதில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றை நூலில் கோத்து அவள் கழுத்தில் போட்டு, பூமியாக நின்ற ஜதுர்சனைச் சுற்றிவரச் சொன்னார் ரீச்சர். மற்றவர்களுக்குக் கிரகங்கள் நாளுக்கு நாள் மாறின. பைரவியிடம் மட்டும் சிரட்டையைக் கேட்டால் கண் நிரம்பிவிடும். இன்னும் ஒரு கிழமை கிடக்கட்டும் என்று ரீச்சர் விட்டார். பிறகு அதற்கடுத்த கிழமையும் விட்டார். வானத்திலிருந்த நிலாவுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. அது வழக்கம்போலத் தேய்ந்து வளர்ந்தது.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. ஆவணியில் தீவின் கிணறுகள் அடிமண் தெரிய வற்றின. வெங்காயம் நட்டிருந்த கேதீஸ்வரி, அதே வகுப்பில் படித்த தன் மகன் சொன்ன வாளிக் கதையைக் கேட்டு, ஒருநாள் பைரவியின் தாய் றஞ்சனியிடம் வந்து, பிள்ளையை ஒருக்கால் தன் கிணற்றடிக்குக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். பைரவி கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, தண்ணீர் பாசிபிடித்த கற்களை ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு மேலே வந்தது. கேதீஸ்வரி தோட்டம் முழுக்க இறைத்தாள். அந்தப் போகம் அவளுடைய வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. அதன்பிறகு றஞ்சனியின் வீட்டுப் படலையடியில் காலையிலும் மாலையிலும் ஆட்கள் நின்றார்கள். கனநேரம் நின்றால் நல்ல தண்ணீருக்குப் பின்னால் உப்புத்தண்ணீரும் ஏறிவரும் என்பதால், போதும் என்று சொல்வதற்காகவே றஞ்சனி கூடப் போகவேண்டியிருந்தது. பைரவிக்கோ அது பிடித்திருந்தது. பெரியவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடலுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய தகப்பன் வசீகரனுக்குக் குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக்குப் போகும் படகொன்றில் வேலை. ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்த பிள்ளையைப் பார்க்கக் கடல் இறங்குதுறைக்கு மேலே ஏறி, நயினாதீவுக் கோயிலுக்குப் போக நின்ற சனத்தின் செருப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவள் கரைப்பக்கம் போவது நிறுத்தப்பட்டது. அது பெரிய இழப்பாக யாருக்கும் படவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியதும் பைரவிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பனடோல் கொடுத்தும் விடவில்லை. தீவு ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்த டொக்டர், டெங்கு என்றும் உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்றும் சொன்னார். தீவிலிருந்து வெளியே போக ஒரே தெருதான். அது வேலணைக்குக் கடல் நடுவால் போகும் வாணர் தாம்போதி. அம்புலன்ஸ் தாம்போதியில் ஏறியதுமே இரண்டு பக்கத்துக் கடலும் உயர்ந்து தெருவின் நடுக்கோட்டில் ஒன்றையொன்று தொட்டன. வண்டிச் சில்லு தண்ணீருக்குள் மறைந்தது. சாரதி பின்பக்கமாகவே வண்டியை எடுத்துக் கரைக்கு வந்தான். அவன் இறங்கிக் கடலைப் பார்த்து ஏசினான், பிறகு மன்னிப்பும் கேட்டான். கடல் இறங்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த வசீகரன் மகளைத் தூக்கி ஒரு வள்ளத்தில் ஏற்றினான். கடல் அந்த வள்ளத்தை, ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைப்பதுபோல உயரத் தூக்கி வைத்துக்கொண்டது. எஞ்சின் வெறும் காற்றில் சுழன்றது. வள்ளம் ஒரு முழம்கூட நகரவில்லை. அவன் மகளோடு குதித்து, கழுத்தளவு தண்ணீரில் நடந்து கரையேறினான். அவள் கழுத்திலிருந்த சிரட்டையை அறுத்துக் கடலில் எறிந்தான். சிரட்டை மிதந்துபோனது, கடல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் பிள்ளையின் காலடியிலேயே கிடந்தது.

முன்பள்ளி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பிரியவதனி ரீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு, கத்தரிக்கோலும் கடதாசியும் நிறைந்த பெட்டியோடு கரைக்கு வந்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரும் பின்னாலேயே வந்தார்கள்.

“நான்தான் இவவை நிலாவா விட்டனான்,” என்றார் ரீச்சர். “விளையாட்டில குடுத்ததை விளையாட்டிலதான் வாங்கலாம். ஆனா ஒரு பிள்ளையிட்ட வாங்கி இன்னொரு பிள்ளையிட்டக் குடுத்தா அந்தப் பிள்ளையும் இப்பிடித்தான் நிக்கும். பங்கு போடவேணும். எல்லாப் பிள்ளையளும் ஆளுக்கொரு பிறை எடுக்கட்டும்.”

தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நாளும் பைரவியின் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் தன் பிள்ளையை இந்தக் கடல் பின்தொடர்வதை ஒவ்வொருத்தியும் மனதுக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். கேதீஸ்வரி தன் மகன் மிதுஷனைச் சேலைக்குள் இழுத்து வைத்திருந்தாள்.

“என்ர பிள்ளைக்கு ஏதும் ஆச்செண்டால் ஆர் பொறுப்பு ரீச்சர்?”

“எனக்குத் தெரியாது,” என்றார் ரீச்சர். “பொய் சொல்ல ஏலாது.”

றஞ்சனி, மகளைத் திரும்பக் கிடத்தியிருந்த அம்புலன்ஸின் வாசலில் இருந்தாள். யாரையும் கெஞ்சவில்லை. மகளின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற கேதீஸ்வரி கடைசியில் மகனின் கையை விட்டாள். “முழுநிலாவை இவனிட்டக் குடுங்கோ,” என்றாள். “இவன் நல்லாச் சாப்பிடுற பிள்ளை, தாங்குவான்.”

பிள்ளைகள் மணலில் குந்தியிருந்து வெட்டினார்கள். ரீச்சர் பென்சிலால் கீறிக் கொடுக்க, கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கும் வெட்டிக் கொடுத்தார்கள். மெல்லிய பிறை, கொஞ்சம் தடித்த பிறை, பாதி, முக்கால். ஜதுர்சனுக்குப் பஞ்சமிப் பிறை கிடைத்தது. ஒரு பெண்பிள்ளைக்கு அமாவாசை வந்தது. வெறும் கறுப்புக் கடதாசியைப் பார்த்து அவள் அழத்தொடங்கினாள்.

“என்னட்ட ஒண்டும் இல்லை ரீச்சர்.”

“இருக்கு மோனை. அமாவாசையிலும் நிலா அங்கதான் நிக்குது. எங்கட கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

பிறகு ரீச்சர் அம்புலன்ஸில் ஏறிப் பைரவியின் பக்கத்தில் இருந்தார். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. நிலாவை எல்லோருக்கும் கொடுப்போமா என்று கேட்டார்.

“திருப்பித் தருவினமோ?”

“இல்லையம்மா. உங்களுக்கும் ஒரு துண்டு இருக்கும்.”

“அப்ப என்னை ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்.”

வெளியே நின்ற ஜதுர்சன் எட்டிப் பார்த்து, “நான் கூப்பிடுவன்,” என்றான். “நீதானே என்னைச் சுத்தி வாறனி.” பைரவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அவளுக்கு எந்தத் துண்டு என்று ரீச்சர் கேட்க, வசீகரன்தான், “அட்டமியைக் குடுங்கோ ரீச்சர். அண்டைக்குத்தான் கடல் அமைதியாக் கிடக்கிறது,” என்றான். பாதியாக வெட்டிய வெள்ளைக் கடதாசியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள்.

கரையில் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நின்று, முற்றத்தில் சுற்றியதுபோலவே சுற்றத் தொடங்கினார்கள். கடல் சற்றுத் தடுமாறியது. யாரிடம் போவதென்று தெரியாமல் தாம்போதியின் மேல் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு தெருவிலிருந்து வழிந்து இறங்கி, கரையோரமாக நடந்து பிள்ளைகளிடம் வந்தது. அவர்களின் பாதத்தை மூடி, முழங்கால் வரை ஏறி நின்றது. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றாள். யாரும் பிள்ளையைத் தூக்கவில்லை. ஈரத் தெருவில் அம்புலன்ஸ் போனது. அதன் சிவப்பு விளக்கு வேலணைப் பக்கப் பனைகளுக்குள் மறையும்வரை பிள்ளைகள் சுற்றினார்கள். மிதுஷனுக்குத் தலைசுற்றி அவன் தண்ணீருக்குள் குந்திவிட்டான். கடல் அவன் மடியில் சற்று இருந்துவிட்டு வற்றிப்போனது.

பைரவி பிழைத்தாள். தீபாவளி கழிந்து, தலைமயிர் கொட்டி, மெலிந்துபோய்ச் சாதாரண பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளைப் பார்த்து வாளித்தண்ணீர் அசையவில்லை. சில நாள் அவள் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி நின்றதாக றஞ்சனி சொல்வாள். பிறகு ஜதுர்சன் வந்து விளையாடக் கூப்பிட்டான்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவரவர் திதியில் அவரவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது, அயலுக்கும் கொஞ்சம் போகிறது. பௌர்ணமியில் கேதீஸ்வரி வீட்டுக் குசினிக்குள் கால் நனையும் என்பதால், அன்று அரிசிப்பானையைக் கதிரையின் மேல் தூக்கி வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். பிரியவதனி ரீச்சர் இன்னும் அதே விளையாட்டைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் கிரகங்களை ஒவ்வொரு நாளும் மாற்றிவிடுகிறார், யார் அழுதாலும்.

போன வருடம் ஜதுர்சனின் குடும்பம் கனடாவுக்குப் போனது. அங்கே பஞ்சமியில் அவன் குடிக்கும் கிளாஸில் பால் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கிறது என்று அவன் தாய் போனில் சொன்னாள். அவள் அதைத் தேநீர் விலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். மடத்துவெளியில் அந்தத் திதியில் கிணறுகள் ஒரு சாண் இறங்கிக் கிடக்கின்றன. அன்றைக்கு ஊரில் யாரும் உடுப்புத் தோய்ப்பதில்லை.